சக்கரவர்த்தியின் சுண்டுவிரல்: கவுட் படிகங்கள் உடலில் எங்கே தங்குகின்றன

கவுட் என்பது இரத்தத்தில் யூரேட் (யூரிக் அமிலத்தின் உப்பு) மிகுந்து, அது படிகமாகி மூட்டுகளில் தங்கி வலி தரும் நோய். கவுட் என்றதும் எல்லாருக்கும் நினைவுக்கு வருவது கால் பெருவிரல். அந்த நினைப்பிலேயே நின்றுவிட்டால் நோயின் பெரும்பகுதி கண்ணில் படாமல் போய்விடும். படிகம் எங்கே தங்குகிறது, ஏன் அங்கே தங்குகிறது என்பதை விளக்க, ஏறத்தாழ 450 ஆண்டுகளுக்குப் பிறகு நுண்ணோக்கியில் பார்க்கப்பட்ட ஒரு விரல் நுனியை இங்கே எடுத்துக்கொள்கிறோம். அது புனித ரோமானியப் பேரரசர் ஐந்தாம் சார்லஸுடையது.

நோயாளி

1500 பிப்ரவரி 24 அன்று இன்றைய பெல்ஜியத்தின் கென்ட் (Ghent) நகரில் பிறந்தவர். ஸ்பெயின், நெதர்லாந்து, ஜெர்மன் நிலங்கள், இத்தாலியின் பல பகுதிகள், அமெரிக்கக் குடியேற்றங்கள் எல்லாம் அவர் ஆட்சியில் இருந்தன. முதல் கவுட் தாக்குதல் வந்தபோது வயது 28. அதன் பிறகு வலி விட்டுவிட்டு வந்தது. தொடக்கத்தில் இடைவெளி நீளமாகவும் போகப்போகக் குறுகியும் இருந்தது. ஒரு மூட்டில் வந்தது பிறகு பல மூட்டுகளில் வந்தது. 1552இல் மெட்ஸ் நகர முற்றுகைக்கு அவர் தாமதமாக, நோயோடுதான் வந்து சேர்ந்தார், முற்றுகை தோற்றது. 1555 அக்டோபர் 25 அன்று பிரஸ்ஸல்ஸில் ஆட்சியைத் துறந்து பேசிய நாளில், ஒரு கையில் ஊன்றுகோல், மறு கை ஆரஞ்சு இளவரசர் வில்லியமின் தோளில். 1557இல் ஸ்பெயினின் யூஸ்தே மடத்தை ஒட்டிய வீட்டில் குடியேறி, 1558 செப்டம்பர் 21 அன்று இறந்தார். நோயின் வயது அப்போது 30 ஆண்டு.

அவருடைய உணவுப் பழக்கத்தைக் கூட இருந்தவர்களே குறித்து வைத்திருக்கிறார்கள்: நிறைய இறைச்சி, மீன், ஒயின், பீரை மடத்திலும் அவர் விடவில்லை. அதனால் இந்த நோயை அவருடைய பெருந்தீனியின் கூலி என்று எழுதுவது வழக்கமாகிவிட்டது. இது பாதி உண்மைதான். கவுட் வரும் பெரும்பாலோரிடம் முதன்மைக் கோளாறு சிறுநீரகம் யூரேட்டை வெளியேற்றுவதில் இருக்கிறது. ஏபிசிஜி2, எஸ்எல்சி2ஏ9 முதலிய கடத்திப் புரதங்களின் மரபணு வேறுபாடுகள் அதைத் தீர்மானிக்கின்றன. சார்லஸின் மகன் இரண்டாம் பிலிப்புக்கும் கடும் கவுட் இருந்தது. அவருக்காகச் செய்த சாய்வு நாற்காலியின் வரைபடம் இன்றும் கிடைக்கிறது. உணவு அளவை மேலும் ஏற்றும். ஆனால் ஏறிய அளவு பல ஆண்டுகள் அப்படியே நிற்பதற்கு உடலின் அமைப்பும் இடம்கொடுக்க வேண்டும்.

மாதிரியும் பரிசோதனையும்

சார்லஸின் உடல் 1574இல் ஸ்பெயின் அரசர்களின் கல்லறை இருக்கும் எல் எஸ்கோரியலுக்கு மாற்றப்பட்டது. அதிலிருந்து பிரிந்த ஒரு கைவிரலின் நுனிப்பகுதி, அநேகமாகச் சுண்டுவிரல், ஒரு சிறிய சிவப்பு வெல்வெட் பெட்டியில் தனியே காக்கப்பட்டு வந்தது. பார்சிலோனாவில் ஜவுமே ஓர்தியும் உடன் பணிபுரிந்தவர்களும் அதைப் பரிசோதித்து, 2006இல் நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின் இதழில் முடிவை வெளியிட்டார்கள். எக்ஸ்ரேயில் விரலின் கடைசி மூட்டு, அதாவது நகத்துக்குச் சற்றுக் கீழே இருக்கும் கணு, அரிக்கப்பட்டுச் சிதைந்திருந்தது. சுற்றியுள்ள மென்திசு வீங்கியிருந்தது. திசுவைச் சீவி நுண்ணோக்கியில் பார்த்தபோது எலும்புக்குள்ளும் வெளியிலும் பரவிய பெரிய படிகத் திரட்டு தெரிந்தது. மருத்துவர்கள் இதை டோஃபஸ் என்பார்கள். படிகங்கள் ஊசி வடிவில் இருந்தன. முனைவாக்கிய ஒளியில், அதாவது ஒரே திசையில் அதிரும் ஒளியில், அதை இரண்டாகப் பிரிக்கும் எதிர்மறை இரட்டை ஒளிவிலகல் காட்டின. மோனோசோடியம் யூரேட்டை, அதாவது கவுட்டில் படியும் யூரேட்டின் சோடிய உப்பை, அடையாளம் காட்டும் இயல்பு இது. கவுட்தான் என்பது உறுதியாயிற்று.

இத்தனை காலம் படிகங்கள் அழியாமல் இருந்ததற்குக் காரணம் அந்த விரல் இயற்கையாக உலர்ந்துபோனதுதான். இன்றைய அறுவை அரங்குகளில் இதற்கு நேர்மாறான தவறு அடிக்கடி நடக்கிறது. கட்டியை அகற்றியதும் வழக்கப்படி ஃபார்மலினில் போட்டு அனுப்புகிறார்கள். ஃபார்மலின் நீர்க் கரைசல். யூரேட் அதில் கரைந்து போகும். நோயியல் ஆய்வாளருக்குக் கிடைப்பது படிகம் இருந்த வெற்றிடமும் அதைச் சுற்றிய அழற்சி அணுக்களும் மட்டும். கவுட் சந்தேகம் இருந்தால் மாதிரியின் ஒரு துண்டையாவது தூய எத்தனாலில் போட வேண்டும். விண்ணப்பத் தாளில் ‘யூரேட் படிகம் உண்டா?’ என்று எழுத வேண்டும். இவ்விரண்டையும் செய்யாமல் ‘படிகம் காணப்படவில்லை’ என்று வரும் அறிக்கைக்கு மதிப்பில்லை.

ஏன் விரல் நுனி?

கணக்கை வெப்பநிலையிலிருந்து தொடங்குவோம். இரத்தத்தில் இருக்கும் அளவு சோடியம் கலந்த நீரில், 37 டிகிரி செல்சியஸில் ஒரு டெசிலிட்டருக்கு 6.8 மி.கி. யூரேட் வரை கரைந்து நிற்கும். 35 டிகிரியில் அது 6.0 ஆகிறது, 30 டிகிரியில் 4.5; 25 டிகிரியில் 3.3. ஒருவரின் இரத்த யூரேட் 9 என்றால், உடலின் நடுப்பகுதியில் அது நிறைவு எல்லையைக் கொஞ்சம்தான் தாண்டியிருக்கிறது. 30 டிகிரியில் இருக்கும் விரல் மூட்டிலோ அது எல்லையைப் போல் இரண்டு மடங்கு. வயிற்றுக்குள் கரைந்து ஓடும் அதே யூரேட் விரல் நுனியில் வீழ்படிவாக முனைகிறது. குளிர்நாட்டில் படைகளோடு திரிந்த ஒருவருடைய கைவிரல் எத்தனை இரவு அந்த நிலையில் இருந்திருக்கும் என்று எண்ணிப் பாருங்கள். கால் விரல்கள், பாதத்தின் நடுப்பகுதி, காது மடலின் மேல் விளிம்பு, முழங்கை முனை ஆகியவை படிகத்தின் விருப்ப இடங்களாக இருப்பதும், உடலுக்குள் ஆழத்தில் வெதுவெதுப்பாக இருக்கும் இடுப்பு மூட்டில் அரிதாகவே படிவதும் இதனோடு ஒத்துப்போகின்றன.

குளிர்ச்சி மட்டும் போதும் என்றால் மூக்கு நுனியிலும் எல்லாருக்கும் படிய வேண்டும். அப்படி நடப்பதில்லை. அளவுக்கு மீறிய யூரேட் ஆண்டுக்கணக்கில் கரைந்தே நிற்கவும் முடியும்; இரத்த யூரேட் உயர்ந்த பலருக்கு வாழ்நாள் முழுதும் கவுட் வராததற்கு இதுவும் ஒரு காரணம். முதல் படிகக் கரு உருவாக ஒரு பிடிமானம் வேண்டும். அந்தப் பிடிமானமாகக் கொலாஜன் (திசுவைத் தாங்கும் புரதம்) நார்கள் அமைகின்றன. திசுவைச் சீவிப் பார்த்தால் படிக ஊசிகள் நாரின் போக்கிலேயே வரிசையாகக் கிடப்பதைக் காணலாம். நலமான குருத்தெலும்பில் இந்த நார்களைப் புரோட்டியோகிளைக்கான்கள் என்னும் சர்க்கரை சேர்ந்த புரதங்கள் மூடியிருக்கின்றன. தேய்மானமோ அடியோ பட்டு அந்த மூடாக்கு குறைந்த இடத்தில் நார் வெளிப்படுகிறது, அங்கே படிகம் பிடித்துக்கொள்கிறது.

ஆகவே தேய்ந்த மூட்டும் குளிர்ந்த மூட்டும் ஒன்றாக இருக்கும் இடத்தில்தான் கேடு அதிகம். விரலின் கடைசிக் கணு வயதோடு தேய்மான வாதம் வரும் இடம். அங்கே ஹெபர்டன் கணுக்கள் எனப்படும் எலும்பு முண்டுகள் உருவாகும். மாதவிலக்கு நின்ற பெண்கள் சிலருக்கு, குறிப்பாக இரத்த அழுத்தத்துக்கோ கால் வீக்கத்துக்கோ சிறுநீரைப் பெருக்கும் தயாசைடு வகை மாத்திரை உண்பவர்களுக்கு, முதல் கவுட் பாதத்தில் வராமல் இந்தக் கணுக்களில்தான் வருகிறது. ‘வயசான கை முண்டு’ என்று ஒதுக்கிவிடுகிறார்கள். ஒரு முண்டு திடீரெனச் சிவந்து, தோலுக்குக் கீழே வெள்ளையாகத் தெரிந்தால் உடனே யூரேட்டை நினைக்க வேண்டும்.

பெருவிரலின் அடிமூட்டுக்கு மூன்றாவது ஒரு காரணமும் சேர்கிறது. நாள் முழுதும் நடந்து பாரம் தாங்கிய அந்த மூட்டில் கொஞ்சம் நீர் கோர்க்கிறது. இரவில் காலை நீட்டிப் படுத்ததும் நீர் வேகமாக உறிஞ்சப்படுகிறது. யூரேட் மெதுவாகத்தான் வெளியேறுகிறது. சில மணி நேரம் மூட்டுக்குள் செறிவு கூடுகிறது. 1977இல் பீட்டர் சிம்கின் முன்வைத்த விளக்கம் இது. பெருவிரல் வலி ஏன் பெரும்பாலும் பின்னிரவில் எழுப்பிவிடுகிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான விளக்கத்தை நாங்கள் பார்த்ததில்லை.

ஒரு மூட்டுக்குள் எந்த அடுக்கில்?

‘மூட்டில் படிகிறது’ என்பது போதாது. குருத்தெலும்பின் மேற்பரப்பில், மூட்டுத் திரவம் தொடும் பக்கத்தில், யூரேட் ஒரு மெல்லிய பூச்சாகப் படிகிறது. மூட்டுச் சவ்வுக்குள் சிறு திரள்களாகத் தங்குகிறது. பிறகு மூட்டுக்கு வெளியே, எலும்பில் ஒட்டும் தசைநாண்களில் இறங்குகிறது. பாதத்தில் அதிகம் பாதிக்கப்படும் தசைநாண் குதிகாலின் பின்னால் இருப்பது. அது எலும்பில் ஒட்டும் இடத்தில் படிகம் சேரும்போது, குதிகால் வலி என்று ஆண்டுக்கணக்கில் செருப்பு மாற்றிக்கொண்டிருப்பவர்கள் உண்டு. முழங்காலில், முட்டிச் சில்லின் தசைநாணிலும், தொடை எலும்பின் வெளிப்பக்கத்தில் பாப்ளிட்டியஸ் தசைநாண் செல்லும் பள்ளத்திலும் படிகிறது. முழங்கை முனையின் நீர்ப்பை இன்னொரு பெரிய சேமிப்பிடம். மணிக்கட்டில் மடக்குத் தசைநாண்களைச் சுற்றிப் படிந்தால் நடுநரம்பு நசுங்கி விரல்கள் மரத்துப்போகும்.

சிறுநீரகத்தைப் பற்றி ஒரு குழப்பம் உண்டு. அங்கே இரண்டு வேறு பொருள்கள் படிகின்றன. சிறுநீரகத்தின் உட்புறத் திசுவில் படிவது மோனோசோடியம் யூரேட், விரலில் இருக்கும் அதே பொருள். சிறுநீர்ப் பாதையில் கல்லாவதோ யூரிக் அமிலம், சிறுநீரின் பி.எச். 5.5க்குக் கீழே அமிலமாக இருக்கும்போது அது உருவாகிறது. அதனால்தான் பொட்டாசியம் சிட்ரேட் கொடுத்துச் சிறுநீரின் அமிலத்தன்மையைக் குறைத்தால் கல் கரையும். விரல் முண்டுக்கு அதனால் பயனில்லை.

முதுகெலும்பின் பக்க மூட்டுகளிலும் தசைநார்களிலும் படிவது அரிது. ஆனால் வந்தால் எம்.ஆர்.ஐ.யில் காசநோய், சீழ்க்கட்டி, புற்று என்று எதுவாகவும் தோன்றும். நெடுநாள் கவுட் உள்ளவருக்கு முதுகில் கட்டி என்று அறிக்கை வந்தால், கத்தியைத் தொடுவதற்கு முன் ஊசியால் மாதிரி எடுத்துப் பார்ப்பது நல்லது. இதய வால்வு, கண் போன்ற இடங்களிலும் தனித்தனி நிகழ்வுகள் பதிவாகியுள்ளன. 

சிதைவு எப்படி நடந்தது

டோஃபஸ் வெறும் உப்புக் குவியல் என்று நினைப்பது தவறு. நடுவில் நெருக்கமாகப் படிகங்கள். அதைச் சுற்றி மேக்ரோஃபேஜ்கள் எனும் விழுங்கணுக்களும் பல உட்கருக்கள் கொண்ட பேரணுக்களும் சூழ்ந்த வளையம். அதற்கு வெளியே நார்த்திசு உறை. இந்த வளையம் எப்போதும் உயிர்ப்போடு இருக்கிறது. இது எலும்பைத் தொடும் விளிம்பில் எலும்பைத் தின்னும் அணுக்கள் கூடுகின்றன, எலும்பைக் கட்டும் அணுக்கள் குறைகின்றன. விளைவு, படிகத் திரட்டுக்கு ஒட்டிய இடத்தில் துளைத்தெடுத்தது போன்ற அரிப்பு; அதன் ஓரத்தில் கூரை விளிம்பு போல் வெளியே நீட்டிக்கொண்டு நிற்கும் எலும்பு. எக்ஸ்ரேயில் இதைப் பார்த்தால் கவுட் என்று பெரும்பாலும் உறுதியாகச் சொல்லலாம். முடக்கு வாதத்தில் மூட்டு இடைவெளி விரைவில் குறையும். கவுட்டில் கடைசி வரை காக்கப்பட்டிருக்கும். சக்கரவர்த்தியின் விரலில் மூட்டே சிதைந்துபோயிருந்தது என்றால் அது தொடக்க நிலை அல்ல, முப்பது ஆண்டுப் படிவின் இறுதிநிலை.

இங்கே ஒன்றைக் கவனியுங்கள். சிகிச்சை பெறாதவருக்கு முதல் தாக்குதலிலிருந்து கண்ணுக்குத் தெரியும் டோஃபஸ் வரச் சராசரியாக ஏறத்தாழ பத்து ஆண்டு ஆகிறது. தாக்குதல்களுக்கு இடையில் நோயாளி நன்றாக நடமாடுகிறார், குதிரை ஏறுகிறார், போருக்குப் போகிறார். அந்த அமைதியான மாதங்களிலும் படிவு கூடிக்கொண்டேதான் இருக்கிறது. வலியைக் கணக்கிட்டு நோயின் அளவைச் சொல்லவே முடியாது.

இன்று இந்த நோயாளி வந்தால்

முதலில் ஊசி. பெருவிரல் மூட்டுக்கு 25 கேஜ், முழங்காலுக்கு 21 கேஜ் (ஊசியின் பருமன் அளவு; எண் கூடினால் ஊசி மெல்லியது) போதும். சிரிஞ்சில் எதுவும் வராவிட்டாலும் ஊசியின் குழலுக்குள் தங்கிய ஒரு துளி போதும்; அதைக் கண்ணாடித் தகட்டில் தெளித்து மூடி, முனைவாக்கிய ஒளி நுண்ணோக்கியில் உடனே பார்க்க வேண்டும். 1961இல் மெக்கார்ட்டியும் ஹாலண்டரும் காட்டிய வழி இது. இன்னும் இதற்கு ஈடு இல்லை. நுண்ணோக்கியில் செருகும் ஈடுசெய் தகட்டில் குறித்திருக்கும் மெது அச்சுக்கு இணையாகக் கிடக்கும் யூரேட் ஊசி மஞ்சளாகவும், குறுக்கே கிடப்பது நீலமாகவும் தெரியும். கவுட் போலவே மூட்டு வீக்கம் தரும் இன்னொரு படிகமான கால்சியம் பைரோபாஸ்பேட் இதற்கு எதிராக, இணையாக இருக்கும்போது நீலம். அதுவும் மங்கலாக, சாய்சதுர வடிவில். விரல் முண்டில் ஊசி குத்தி முன்னும் பின்னும் அசைத்தாலே சுண்ணாம்புக் குழம்பு போல் பொருள் வரும். வலி இல்லாத காலத்தில் எடுத்தாலும், முன்பு வீங்கிய மூட்டில் படிகம் பெரும்பாலும் கிடைக்கும். ஒரு எச்சரிக்கை: படிகம் கிடைத்துவிட்டதால் சீழ் இல்லை என்று ஆகாது. காய்ச்சல் இருந்தால் அதே திரவத்தைக் கிருமி வளர்ப்புக்கும் அனுப்பியே ஆக வேண்டும்.

வலி உச்சத்தில் இருக்கும் நாளில் எடுத்த இரத்த யூரேட் எண்ணை மட்டும் நம்பாதீர்கள். அழற்சியின்போது சிறுநீரகம் அதிகமாக யூரேட்டை வெளியேற்றுவதால் எண் இயல்பாகவே வரக்கூடும். இரண்டு வாரம் கழித்துத் திரும்ப எடுக்க வேண்டும். ‘யூரிக் ஆசிட் நார்மல், கவுட் இல்லை’ என்று அனுப்பிவைக்கப்பட்டவர்கள் நிறைய பேர்.

ஊசி முடியாத இடத்தில் அல்ட்ராசவுண்ட். குருத்தெலும்பின் மேற்பரப்பில் படிந்த யூரேட், எலும்புக் கோட்டுக்கு இணையாக இன்னொரு வெண்கோடாகத் தெரியும். இரட்டைக் கோடு என்பார்கள். பெருவிரல் மூட்டின் மேல்பக்கமும், முழங்காலை முழுதாக மடக்கிவைத்துத் தொடை எலும்பு முனையும் பார்க்கச் சிறந்த இடங்கள். கருவியின் கோணத்தை மாற்றினாலும் கோடு மறையாமல் நிற்கிறதா என்று பார்க்க வேண்டும். நலமான குருத்தெலும்பின் விளிம்பும் நேர்கோணத்தில் ஒரு பொய்க்கோட்டைக் காட்டும். பைரோபாஸ்பேட் என்றால் கோடு குருத்தெலும்புக்குள்ளே இருக்கும், மேலே அல்ல.

இரட்டை ஆற்றல் சி.டி. 80, 140 கிலோவோல்ட் போன்ற இரண்டு ஆற்றல்களில் படமெடுத்து யூரேட்டைக் கால்சியத்திலிருந்து பிரித்துப் பச்சை நிறமிட்டுக் காட்டுகிறது. மறைந்திருக்கும் குதிகால், முட்டிப் படிவுகளை ஒரே பார்வையில் காண இதைவிட நல்ல வழி இல்லை. நகங்களும் தடித்த உள்ளங்கால் தோலும் இதில் பச்சையாக ஒளிரும், அது பொய். சுண்டுவிரல் நுனியைப் பார்க்கும்போது இந்தப் பொய்யை நினைவில் வைக்காவிட்டால் நகத்தையே டோஃபஸ் என்று எழுதிவிடுவோம். நோய் தொடங்கி ஓரிரு ஆண்டுகளுக்குள் இருப்பவருக்கு எதுவும் தெரியாமலும் போகலாம். அப்போதும் கவுட்டை மறுக்க முடியாது.

கரைப்பது

சார்லஸுக்கு அன்று கொடுத்த மருந்துகளில் பெயர் பெற்றது சைனா வேர். அரசவை மருத்துவர் வெசாலியஸ் 1546இல் அதைப் பற்றியே நீண்ட மடல் எழுதினார். தமிழ் நாட்டுமருந்துக் கடைகளில் பறங்கிப்பட்டை என்று விற்பது அதே வேர்தான். அதற்குப் பிறகும் படிவு நிற்கவில்லை என்பதற்கு அந்த விரலே சான்று.

இரத்த யூரேட்டைப் படிகத்தின் கரைவு எல்லைக்குக் கீழே நெடுநாள் வைத்திருப்பதுதான் ஒரே வழி. பொதுவாக இலக்கு 6 மி.கி.க்குக் கீழே. டோஃபஸ் இருந்தால் 5க்குக் கீழே. ஏனென்றால் அளவு எவ்வளவு குறைகிறதோ அவ்வளவு விரைவாகக் கட்டி சுருங்கும். உணவுக் கட்டுப்பாடு மட்டும் பெரும்பாலும் 1 மி.கி. அளவுக்குத்தான் குறைக்கும், 9இல் இருப்பவருக்கு அது போதாது.

உடலில் யூரேட் உருவாவதைக் குறைக்கும் அல்லோபியூரினாலை நாளுக்கு 100 மி.கி.யில் தொடங்க வேண்டும். சிறுநீரகம் பழுதானவருக்கு 50. சில வாரத்துக்கு ஒரு முறை இரத்தம் பார்த்து ஏற்ற வேண்டும். 300 மி.கி.யில் நிறுத்திவிட்டு ‘மருந்து வேலை செய்யவில்லை’ என்பதுதான் எங்கும் நடக்கும் பெரிய பிழை. இலக்கை எட்டும் வரை, தாங்கும் அளவில், 800 மி.கி. வரை ஏற்ற இடம் உண்டு. தோலில் தடிப்பு வந்தால் அன்றே நிறுத்த வேண்டும். சீன ஹான், கொரிய, தாய்லாந்து மரபினருக்கு முன்கூட்டியே எச்.எல்.ஏ.-பி 5801 (இந்த மருந்தால் கடும் தோல் ஒவ்வாமை வரும் ஆபத்தைக் காட்டும் மரபணு வகை) சோதனை செய்வது நல்லது.

இந்தச் சிகிச்சையின் முதல் மாதங்களில் வலி கூடும். சேமிப்பு கரையும்போது படிகங்கள் கட்டிலிருந்து உதிர்ந்து அழற்சியைத் தூண்டும். அதனால்தான் முதல் 3 முதல் 6 மாதம் அழற்சியைத் தணிக்கும் கால்ச்சிசின் 0.5 மி.கி. நாளுக்கு ஒரு முறையோ இரு முறையோ சேர்த்துக் கொடுக்கிறோம். கிளாரித்ரோமைசின் போன்ற சில நுண்ணுயிர்க்கொல்லிகளை உண்ணும்போது சேர்க்கக் கூடாது. இதை முன்பே சொல்லாவிட்டால், ‘மாத்திரை சாப்பிட்ட பிறகுதான் வலி அதிகமாச்சு’ என்று நோயாளி நிறுத்திவிடுவார். அவர் சொல்வது உண்மையும்கூட. அந்த வலி கரைவதன் அடையாளம்.

கட்டியை அறுத்தெடுப்பதில் எங்களுக்கு ஆர்வம் இல்லை. மெல்லிய தோலுக்குக் கீழே தசைநாணோடு பின்னிக் கிடப்பதை முழுதாக எடுக்க முடியாது. புண் ஆற மாதக்கணக்காகும். நரம்பு நசுங்கினால், புண் வெடித்துக் கிருமி புகுந்தால், அப்போது கத்தி எடுக்கலாம். மற்றபடி சார்லஸின் விரல் அளவுக்கு முற்றிய கட்டிகூட இலக்கு அளவில் மாதங்கள் முதல் சில ஆண்டுகளுக்குள் சுருங்கும். அரிக்கப்பட்ட எலும்பு பெரிதாக மீளாது, வளைந்த கணு நேராகாது. எல்லாப் படிகமும் கரைந்தபின் இலக்கை 5இலிருந்து 6க்குத் தளர்த்தலாம், மருந்தை நிறுத்த முடியாது. நிறுத்தினால் யூரேட் சில வாரங்களிலேயே பழைய அளவுக்கு ஏறும், பிறகு அதே குளிர்ந்த, தேய்ந்த கணுக்களில் படிவு மீண்டும் தொடங்கும்.